மனச்சோர்வைத் திருச்சபை பாவமாகக் கருதியதா?

காரைக்குடி வாசகர் (கேள்வி):
மனச்சோர்வுக்கு மருந்து உட்கொள்ளும் என் அத்தையிடம், விசுவாசம் குறைந்ததால்தான் இந்நிலை வந்தது என்று ஜெபக்கூட்டத்தில் ஒருவர் சொல்லிவிட, அன்று முதல் அவர் வீட்டுப் படியைத் தாண்டுவதில்லை. இக்கருத்துக்கு வரலாற்றில் அடிப்படை ஏதும் உண்டா?

தேவகோட்டை வாசகர்:
பாதி உண்டு. 4ஆம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த எவாக்ரியுஸ் என்னும் துறவி, துறவியரை அலைக்கழிக்கும் எட்டுத் தீய எண்ணங்களைப் பட்டியலிட்டபோது, துயரத்தையும் ‘அக்கேதியா’ என்னும் சலிப்பையும் தனித்தனியாகவே வைத்தார். நண்பகலில் சூரியன் நகராமல் நிற்பதுபோலத் தோன்றுவதும், அறையை விட்டு ஓடிவிடத் துடிப்பதும் சலிப்பின் அடையாளங்கள் என்கிறார். (நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அது எனக்கும் புரிகிறது.) 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருத்தந்தை பெரிய கிரகோரியின் பட்டியலில் துயரம் மட்டுமே நின்றது, காலப்போக்கில் இரண்டும் ஒன்றாகி, ‘சோம்பல்’ என்னும் தலையான பாவமாகச் சுருங்கின. குழப்பம் அங்கேதான் வேர்விட்டது.

பள்ளத்தூர் வாசகர்:
அக்கேதியாவை இன்றைய நோயோடு அப்படியே பொருத்துவது பிழை. ஏனெனில் ‘மெலங்கோலியா’ என்னும் நீங்காத மனத்துயரை, உடலில் கரும்பித்தம் என்னும் நீர் மிகுவதால் விளையும் நோயாகப் பண்டைய மருத்துவர்கள் தனியே அறிந்திருந்தனர். மேலும், 13ஆம் நூற்றாண்டின் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், துயரத்தைத் தணிப்பவையாக அழுகையையும் நண்பர்களின் பரிவையும் மட்டுமன்றி, உறக்கத்தையும் குளியலையும்கூடச் சொல்கிறார். அந்த ஜெபக்கூட்டத்தாருக்கு இதைக் காட்டுங்கள்.

காரைக்குடி வாசகர்:
அத்தைக்குப் படித்துக் காட்டினேன். ‘குளியல்’ என்ற இடத்தில் சிரித்தார். மாத்திரையைத் தொடர்கிறார்.