டாங் பின்னால் விசிட்டிங் கார்டு நுழைகிறது: 9,000 டாலர் கைவேலை ரைஃபிள் பற்றி

ராக்கி முருகு:
போன வாரம் வால்நட் வாத்தியார் இங்கே ஓர் அருள்வாக்கு சொன்னார். "நல்ல தொகை கொடுத்துக் கைவேலை ரைஃபிள் வாங்குகிறவன் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். அதில் குறை தெரிந்தால் அது பார்க்கிறவன் கண்ணில் இருக்கும் குறை." படித்த நாளிலிருந்து வயிறு எரிகிறது. கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய அந்த ஆசாமி நான்தான்.

கொலராடோவில் எல்க் என்னும் பெரிய மான் வேட்டைக்கென்று ஆர்டர் கொடுத்தது. மவுசர் 98 ஆக்‌ஷன், அதாவது தோட்டாவை ஏற்றிப் பூட்டும் இரும்புப் பகுதி, 7x57 தோட்டா, வால்நட் மரக் கட்டை, 9,000 டாலர். பட்டறை பெயரைச் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள். சொன்ன தேதி தாண்டி ஒரு சீசனே போனது, பொறுத்துக்கொண்டேன். வந்து சேர்ந்ததைப் பார்த்தால், ஆக்‌ஷனின் வால், அதாவது டாங், முடிகிற இடத்தில் இரும்புக்கும் மரத்துக்கும் நடுவே விசிட்டிங் கார்டு நுழைகிறது. கை வழுக்காமலிருக்கப் பிடியில் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிய செக்கரிங் கோடுகளில் நாலைந்து ஓரக்கோட்டைத் தாண்டி வெளியே ஓடியிருக்கின்றன. மேகஸினில் கடைசித் தோட்டா மூக்கைத் தூக்கிக்கொண்டு சிக்குகிறது. கழற்றிப் பார்த்தேன். ரீகாயில் லக், அதாவது சுடும்போது வரும் உதையை மரத்தில் தாங்கும் இரும்பு முண்டு, உட்காரும் குழியில் எபாக்ஸி பசை அப்பியிருக்கிறது. ரசீதில் "முழுக்க மரத்தில் கையால் பொருத்தியது" என்று எழுதியிருக்கிறான். நூறு கஜத்தில் மூன்று குண்டும் ஒன்றேகால் அங்குலத்துக்குள். ஆயிரம் டாலர் சுமாருக்கு வரும் தொழிற்சாலை ரைஃபிள் டிக்கா ஓர் அங்குலத்துக்கு உத்தரவாதமே தருகிறது.

வால்நட் வாத்தியார்:
பெயர் சொல்லி இழுத்ததால் வந்தேன். டாங் பின்னால் இருக்கும் இடைவெளி வேண்டுமென்றே விடுவது. சுடும்போது ஆக்‌ஷன் பின்னால் உதைக்கும். டாங் மரத்தை முட்டிக்கொண்டிருந்தால் ஆப்பு அடித்த மாதிரி பிடிப்பகுதி பிளந்துவிடும். உதையை முன்னால் இருக்கும் ரீகாயில் லக்தான் வாங்க வேண்டும். இது தெரியாத ஆள் 9,000 டாலர் செலவழித்தது பட்டறைக்காரன் குற்றமா?

ராக்கி முருகு:
இடைவெளி விடுவார்கள் என்று எனக்கும் தெரியும் ஐயா. கண்ணுக்குத் தெரியாத அளவு விடுவார்கள். இங்கே கார்டு நுழைகிறது, கார்டு! மற்ற குறைகளுக்குப் பதில் எங்கே?

புல்லட் பாண்டி:
கார்டில் யார் பெயர் போட்டிருக்கிறது, பட்டறைக்காரன் பெயரா? 😂 நான் டெக்சாஸில் ரூகர் அமெரிக்கன் வைத்துப் பன்றி சுடுகிறேன். பிளாஸ்டிக் கட்டை. எந்த இடைவெளியையும் நான் பார்த்ததில்லை, பன்றியும் பார்த்ததில்லை.

வால்நட் வாத்தியார்:
பிளாஸ்டிக் கட்டைக்காரர்கள் இந்த இழையில் வேடிக்கை மட்டும் பார்க்கலாம்.

முருகு, மறுபடி சொல்கிறேன். இடைவெளி வேண்டுமென்றே விட்டது. மரத்தில் இரும்பு இறக்குவது எப்படி என்று ஒரு நாளாவது பார்த்திருக்கிறீர்களா? இரும்பின் மேல் விளக்குப் புகைக்கரியை எண்ணெயில் குழைத்து மெல்லப் பூசுவோம். கட்டையில் வைத்து அமுக்கி எடுத்தால் உயரமாக இருக்கும் இடத்தில் மட்டும் கறுப்பு ஒட்டும். அந்தக் கறுப்பை மட்டும் உளியால் சுரண்ட வேண்டும். மறுபடி பூசு, மறுபடி அமுக்கு, மறுபடி சுரண்டு. லக் பின்முகம் முழுக்கக் கறுப்பு பிடிக்கிறவரை இதே வேலைதான். கை வீங்கிவிடும். நான் மொன்டானாவுக்கு வருமுன் பீளமேட்டில் லேத் பட்டறையில் இருந்தவன். ஒரு தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, என்றால் என்ன என்று விரல் நுனியிலேயே தெரியும்.

ஒன்ராறியோ தம்பி:
முருகு அண்ணை, நான் இங்க ஒன்ராறியோவில மான் வேட்டைக்குப் போறனான். உங்கட துவக்கில பிழை இல்லாமலும் இருக்கலாம். ஈரமான ஊரில செய்து கொலராடோ போல காய்ஞ்ச இடத்துக்கு வந்தால் மரம் சுருங்கும்தானே? என்ர துவக்குக் கட்டையும் குளிர்காலத்தில ஹீட்டர் வீட்டுக்குள்ள கொஞ்சம் மாறும்.

ராக்கி முருகு:
தம்பி, மரம் சுருங்கும், ஆனால் நாருக்குக் குறுக்கே. நார் ஓடும் நீளவாக்கில் கிட்டத்தட்ட சுருங்கவே சுருங்காது. டாங் பின்னால் இருப்பது நீளவாக்கு. பக்கவாட்டில் இடைவெளி வந்திருந்தால் காற்றின் மேல் பழி போடலாம். பக்கவாட்டில் கச்சிதமாக இருக்கிறது, பின்னால்தான் வாய் பிளந்து நிற்கிறது.

வால்நட் வாத்தியார்:
பார்த்தீர்களா, அவரே ஒப்புக்கொண்டுவிட்டார்! பக்கவாட்டில் கச்சிதம், பின்னால் மட்டும் இடைவெளி. அப்படியென்றால் அது கை தவறி வந்ததில்லை, திட்டமிட்டு விட்டது. வழக்கு முடிந்தது.

ராக்கி முருகு:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. திட்டமிட்டு இவ்வளவு பெரிதாக விட்டால் திட்டமே தப்பு. நல்ல கைக்காரன் மேல் ஓரத்தை ஒட்டி முடித்துவிட்டு உள்ளே மட்டும் குடைந்து விடுவான்.

வால்நட் வாத்தியார்:
மேல் ஓரம் ஒட்டியிருந்தால் முதல் சீசனிலேயே அந்த ஓரம் சில்லு சில்லாகத் தெறிக்கும். யாரோ சொன்னதைக் கேட்டு எழுதாதீர்கள். அப்புறம் தோட்டா சிக்குகிறது என்றீர்களே, நீங்கள் தோட்டாவை மேகஸினில் வைக்காமல் நேரே குழலின் பின்வாயான சேம்பரில் போட்டு போல்ட்டை அடித்திருப்பீர்கள். 98இன் கொக்கி மேகஸினிலிருந்து ஏறும் தோட்டாவின் விளிம்பைக் கீழிருந்து ஏறும்போதே பிடிக்கிற வகை, நேரே போட்டால் விளிம்பில் முட்டி நிற்கும்.

ராக்கி முருகு:
மேகஸினில் கடைசித் தோட்டா என்று தமிழில்தான் எழுதினேன். 7x57 மவுசர் பட்டறையே 1892இல் உருவாக்கிய தோட்டா. அதை மவுசர் 98 வயிற்றிலேயே ஒழுங்காக ஏற்ற முடியவில்லை என்றால் கைவேலைக்கு எதற்குக் காசு?

புல்லட் பாண்டி:
கேட்கவே கூடாது என்றிருந்தேன். எல்க்குக்கு 7x57ஆ? எழுநூறு பவுண்டு மிருகம் ஐயா அது.

ஒன்ராறியோ தம்பி:
பெல் எண்ட வெள்ளைக்காரன் ஆப்பிரிக்காவில அதே தோட்டாவால யானையையே விழுத்தினவன். குண்டு எங்க படுது எண்டதுதான் கதை.

வால்நட் வாத்தியார்:
ஜிம் கார்பெட்டுக்கு 1907இல் சம்பாவத் புலியைச் சுட்டதற்காகப் பரிசாகக் கொடுத்ததும் இதே தோட்டாவுக்கான ரிக்பி ரைஃபிள்தான். லண்டன்காரன் .275 என்று பெயர் வைத்துக்கொண்டான், அவ்வளவே. உள்ளே மவுசர் ஆக்‌ஷன். கார்பெட் டாங் பின்னால் கார்டு சொருகிப் பார்த்ததாக எங்கும் படித்ததில்லை.

புல்லட் பாண்டி:
நம்மூர்க் காடுகளில் சுற்றிய கென்னத் ஆண்டர்சன் வைத்திருந்தது வின்செஸ்டர் 1895, .405. தொழிற்சாலை சரக்கு. 9,000 டாலர் கொடுக்காமலே ஆட்கொல்லியைச் சுடலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

செங்காந்தள்:
கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு வேட்டை என்றாலே ஜெயில். நீங்கள் டாலரில் பேரம் பேசி உயிரைக் கொல்வதற்கு மரத்தில் பூ வேலை வேறு. வெட்கமாக இல்லையா?

புல்லட் பாண்டி:
அம்மணி, அமெரிக்காவில் நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி இருக்கிறது. 1937 சட்டப்படி அந்தப் பணம் மாநிலங்களின் வனவிலங்குத் துறைக்குத்தான் போகிறது. முருகுவின் இடைவெளியில் நாலு மான் பிழைத்திருக்கும்.

செங்காந்தள்:
கொன்றுவிட்டு வரி கட்டினால் புண்ணியமா? நல்ல கணக்கு.

வால்நட் வாத்தியார்:
அந்தப் பஞ்சாயத்துக்கு வேறு இழை திறங்கள். இங்கே பேச்சு டாங் பற்றி.

முருகுவுக்கு உண்மையான கோபம் எதில் என்று எனக்குத் தெரியும், இப்போது சொல்லிவிடுகிறேன். இந்த ரைஃபிளுக்குக் கட்டை செய்துதரச் சொல்லி முதலில் என்னிடம்தான் வந்தார். கட்டைக்கு மட்டும் நான் விலை சொன்னேன். "ஐயா, கத்தரிக்காய் வாங்குகிற மாதிரி கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்" என்றார். முடியாது என்றேன். வேறு இடத்துக்குப் போனார். போனவர் அங்கே கேட்டதைக் கொடுத்தாரே, அதையாவது மனசாரக் கொடுத்திருக்கலாம்.

ராக்கி முருகு:
உங்களிடம் ஏன் கொடுக்கவில்லை என்று நான் சபையில் சொல்ல வேண்டாமென்று இருந்தேன். நீங்கள் அனுப்பிய மாதிரிப் படத்தில் செக்கரிங் கோடு ஓரத்தைத் தாண்டி ஓடியிருந்தது. இப்போது புரிகிறது ஏன் அந்தக் குறையைப் பற்றி நீங்கள் வாயே திறக்கவில்லை என்று.

வால்நட் வாத்தியார்:
அது பழகுகிறவன் வெட்டிய துண்டு! என் வேலை இல்லை! படத்தில் எழுதியே அனுப்பினேன்.

ஒன்ராறியோ தம்பி:
ரெண்டு பேரும் கொஞ்சம் ஆறுதலா கதையுங்கோ. அந்த எபாக்ஸி விசயம் என்ன மாதிரி? அதுதான் எனக்குப் பெரிய ஏமாத்து போலத் தெரியுது.

வால்நட் வாத்தியார்:
எபாக்ஸி வைத்தால் ஆக்‌ஷன் ஆடாமல் உட்காரும். தப்பே இல்லை. நானும் வைப்பேன்.

ராக்கி முருகு:
வைத்துவிட்டு "வைக்கவில்லை" என்று எழுதுவீர்களா?

வால்நட் வாத்தியார்:
பேச்சை மாற்றாதீர்கள். இடைவெளி எத்தனை தௌ என்று இதுவரை சொல்லவில்லை. விசிட்டிங் கார்டு என்றால் எந்தக் கார்டு? ஒவ்வொரு கார்டும் ஒரு கனம். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜ் இருக்கிறதா, இல்லை பக்கத்து வீட்டில் வாங்கித் தரவா?

ராக்கி முருகு:
இருக்கிறது. 18 தௌ இலை தாராளமாகப் போகிறது.

வால்நட் வாத்தியார்:
ஆக்‌ஷன் திருகுகளை முறுக்கிய பிறகு அளந்ததா, கழற்றிப் போட்டு அளந்ததா? பின் திருகு தளர்ந்திருந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பே கிடையாது.

ராக்கி முருகு:
முறுக்கித்தான் அளந்தேன்.

வால்நட் வாத்தியார்:
எவ்வளவு முறுக்கு? முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சிலா, கையாலா?

புல்லட் பாண்டி:
நான் போய்ப் பன்றிக் கறி வறுக்கிறேன். 20 தௌ வந்தால் கூப்பிடுங்கள்.

ராக்கி முருகு:
கையால்தான். இதுவும் என் குற்றமா?

வால்நட் வாத்தியார்:
நான் எதுவும் சொல்லவில்லையே. டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கிவிட்டு அளந்து எழுதுங்கள். அதுவரை இடைவெளி வேண்டுமென்றே விட்டதுதான்.