புதுப்பிப்பு: அப்பாவின் சுத்தியல் கிடைத்துவிட்டது

போன மாதம் அப்பா தவறியதை எழுதும்போது, அவர் சொந்தமாக வைத்திருந்த கீமேன் சுத்தியலைக் காணோம் என்று புலம்பியிருந்தேன் இல்லையா, கிடைத்துவிட்டது. கீமேன் யார் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ரயில்வேயில் தன் பகுதித் தண்டவாளம் முழுக்க தினமும் நடந்து பார்த்து, தளர்ந்த கீயை, அதாவது தண்டவாளத்தை அசையாமல் பிடித்திருக்கும் ஆப்பை, தட்டி இறுக்கி, போல்ட்டை முடுக்கி, விரிசல் கண்டால் சிவப்புக் கொடியோடு ஓடி ரயிலை நிறுத்த வேண்டியவர். வெயில், மழை என்று பார்க்க முடியாது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த அப்புறம் என் மகன் தன் கட்டிலுக்கடியிலிருந்து எடுத்து வந்தான். தாத்தா முன்னமே அவனிடம் கொடுத்திருக்கிறார், எங்களுக்குத்தான் தெரியவில்லை! கைப்பிடியில் அவர் கட்டைவிரல் படும் இடம் மட்டும் வழுவழுவென்று குழிந்திருக்கிறது. சாயங்காலம் பார்த்தால் பயல் வாசல் கேட்டின் போல்ட்டுகளைத் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்கிறான், இறுக்கமாக இருந்தால் சத்தம் வேறயாம், தாத்தா சொன்னாராம்.