புதுப்பிப்பு: பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குப் பிழைக்க வந்த காங்கோ குடும்பத்தின் மகளைப் பிறப்புச் சான்றிதழ் இல்லையென்று ஒரு பள்ளி திருப்பி அனுப்பியது, இங்கே சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் எங்கள் கோயில் குழு என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். சேர்ந்துவிட்டாள்! ஆவணம் இல்லாத பிள்ளைகளுக்கும் படிக்கும் உரிமை உண்டு என்று 2019 டிசம்பரில் இந்த நாட்டின் மக்காண்டா நகர உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை உங்களில் ஒருவர்தான் காட்டினீர்கள். அதன் நகலோடு செயலாளர் அண்ணனும் நானும் போனோம். அரை மணி நேரத்தில் முடிந்தது.

அப்புறம், அந்தக் குடும்பத்துக்கு எங்கள் குழு கொடுக்கும் வெள்ளிக்கிழமைச் சாப்பாடு. சாம்பார் சாதம் பிள்ளைகளுக்குக் காரமாம். அந்த அம்மா தயங்கித் தயங்கித்தான் சொன்னார். முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், மனசு கஷ்டமாகிவிட்டது. இப்போது மக்காச்சோள மாவு, பீன்ஸ், எண்ணெய் கொடுக்கிறோம். அவர்களே ஃபூஃபூ (அவர்கள் ஊர்க் களி) கிளறிக்கொள்கிறார்கள்.

சீருடை இன்னும் வாங்கவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஆகிற மாதிரி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.