எக்கோ சர்வரில் எப்பவும் 44 மில்லிசெகண்ட்: தப்பு லைன்லயா, என் கோட்லயா?

கோடவுன்_சிஸ்டம்ஸ்:
வணக்கமுங்க. கரூர்ல ஒரு பெட்ஷீட் ஏற்றுமதி கம்பெனி. சர்வர், சிசிடிவி, பிரிண்டர் டோனர் எல்லாத்துக்கும் நான் ஒருத்தன்தான். ஆபீசுக்கும் மூணு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கோடவுனுக்கும் மொட்டைமாடியில ரேடியோ வெச்சு லிங்க் போட்டிருக்கோம். கோடவுன்ல ஒரு பில் திறக்க 9 செகண்டுக்கு மேல ஆகுது. சாஃப்ட்வேர் கொடுத்தவங்க "லைன் ஸ்லோ சார்"ங்கறாங்க. லிங்க் போட்டவர் "பிங் பாருங்க, ஒரு பாக்கெட் போய்த் திரும்ப 2 மில்லிசெகண்ட்"ங்கறார். நடுவுல நான்.

நானே அளந்துடலாம்னு பைத்தான்ல சின்னதா ஒரு எக்கோ சர்வர் எழுதினேன். கிளையன்ட் முதல்ல செய்தியோட நீளத்தை 4 பைட்ல அனுப்பும், அடுத்து 100 பைட் செய்தி. சர்வர் ரெண்டையும் வாங்கி மொத்தமா திருப்பி அனுப்பும். இப்படி ஆயிரம் தடவை. முதல் சில செய்தி 4 மில்லிசெகண்ட்ல வருது, அப்புறம் எல்லாமே 44. ரெண்டையும் ஒரே லினக்ஸ் பெட்டியில ஓட்டினாலும் 40! ஒரே பெட்டிக்குள்ள எந்த லைனுங்க ஸ்லோ?

ராத்திரி_ஷிப்ட்:
லைன் வேகத்தை அளக்கிற ஐபெர்ஃப்3 இருக்கும்போது இதெல்லாம் எதுக்கு பாஸ்? 5201ங்கற போர்ட்டை, அதாவது கனெக்ஷனோட வாசல் எண்ணை, திறந்துவிட்டு ஓட்டிப் பாருங்க.

கோடவுன்_சிஸ்டம்ஸ்:
ஓட்டியாச்சு, 62 மெகாபிட் நிக்காம வருது. அது குழாயை நிரப்பிப் பார்க்கிற சோதனை. பில் சாஃப்ட்வேர் டம்ளர் டம்ளரா மொண்டு குடிக்குது, எனக்கு டம்ளர் கணக்குதான் வேணும்.

வலைநெசவு:
தம்பி, 40ங்கற நம்பரைப் பார்த்ததுமே சிரிச்சுட்டேன். நானும் இதுல ஒரு வாரம் தொலைச்சிருக்கேன்.

நீங்க ரெண்டு தடவை செண்ட் பண்றீங்க. 4 பைட் உடனே கிளம்பிடும். அடுத்த 100 பைட்டை உங்க கெர்னலே (லினக்ஸோட மையப் பகுதி) பிடிச்சு வெச்சுக்கும்: முன்னாடி அனுப்பினதுக்கு ஏசிகே, அதாவது "வந்து சேர்ந்துச்சு"ங்கற ரசீது, வராம இன்னொரு குட்டி பாக்கெட்டை விடக் கூடாதுங்கறது நேகிள் விதி. தூரத்து கம்ப்யூட்டர்ல வேலை பார்க்கிற டெல்நெட்ல ஒரு எழுத்து தட்டினா 40 பைட் ஹெடரும் (விலாச விவரம்) கூடவே போன காலத்துல, 1984ல ஜான் நேகிள் எழுதினது. அந்தப் பக்கம் சர்வர் என்ன பண்ணுதுன்னா, "பதில் அனுப்பும்போது சேர்த்தே ஏசிகே கொடுத்துக்கலாம்"னு காத்திருக்கு. பாதிச் செய்திதான் வந்திருக்கு, பதில் எங்கிருந்து வரும்? லினக்ஸ் 40 மில்லிசெகண்ட் பொறுத்துப் பார்த்துட்டு வெறும் ஏசிகே அனுப்புது. கல்யாண வீட்ல "நீங்க முதல்ல சாப்பிடுங்க, நீங்க முதல்ல"ன்னு ரெண்டு பேரும் நிப்பாங்களே, அதேதான். கனெக்ஷன் புதுசா இருக்கறப்ப லினக்ஸ் உடனுக்குடன் ஏசிகே கொடுக்கும். முதல் சில செய்தி வேகமா வந்த ரகசியம் அதுதான்.

நீளத்தையும் செய்தியையும் ஒரே பஃபர்ல சேர்த்து ஒரே செண்ட்ஆல் போடுங்க. நேகிள் விதியை அணைக்கிற டிசிபி_நோடிலே வெச்சாலும் சரியாகும், ஆனா ரெண்டு பாக்கெட் போகும். எனக்கு முதல் வழிதான் பிடிக்கும். சராசரியை மட்டும் எழுதி வைக்காதீங்க, ஆயிரம் நேரத்தையும் ஃபைல்ல போடுங்க.

கோடவுன்_சிஸ்டம்ஸ்:
அக்கா, 44 இப்ப 2.1! நேத்து ராத்திரி சோறு இறங்குச்சு. இன்னொண்ணு: பல கிளையன்ட்டை ஒரே நேரத்துல ஓட்டி, ஒவ்வொரு செய்திக்கும் புது கனெக்ஷன் திறந்து மூடிப் பார்த்தேன். 28 ஆயிரம் தாண்டினதும் அட்ரஸ் கொடுக்க முடியலைன்னு எரர் வந்து நிக்குது. ஒரு நிமிஷம் கழிச்சுப் போட்டா மறுபடி ஓடுது.

ராத்திரி_ஷிப்ட்:
இது எனக்குத் தெரியும். லினக்ஸ் கிளையன்ட்டுக்குக் கிடைக்கிற போர்ட் 32768லிருந்து 60999 வரை, மொத்தம் 28,232. முதல்ல மூடுற பக்கம் அந்த போர்ட்டை டைம்வெயிட்ங்கற காத்திருப்புல 60 செகண்ட் வெச்சிருக்கும், அதுக்குள்ள உங்களுக்கு போர்ட் தீர்ந்துடுது. சர்வர் முதல்ல மூடற மாதிரி மாத்துங்க.

வலைநெசவு:
அதோட அந்த பில் சாஃப்ட்வேரையும் லைன்ல போற பாக்கெட்டைக் காட்டுற வயர்ஷார்க்ல ஒரு தடவை பிடிச்சுப் பாருங்க தம்பி. எனக்கு ஒரு சந்தேகம்.

கோடவுன்_சிஸ்டம்ஸ்:
பார்த்தேன்கா. ஒரு பில் திறக்க 212 கேள்வி போகுது. ஒவ்வொண்ணும் முதல்ல 8 பைட், 40 மில்லிசெகண்ட் சும்மா, அப்புறம்தான் மிச்சம். 212ஐ 44ஆல பெருக்கினா 9.3 செகண்ட். ஸ்கிரீன்ஷாட்டை அவங்களுக்கு அனுப்பிட்டேன். "எங்க டீம்கிட்ட சொல்றோம் சார்"னு பதில் வந்திருக்கு, இந்தத் தடவை லைனைப் பத்திப் பேச்சே இல்லைங்க.