ஆஸ்கர் கணிப்பு: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோவையிலிருந்து

ஆஸ்கர் விழா லாஸ் ஏஞ்சலஸில் ஞாயிறு மாலை நடக்கும்போது நமக்குத் திங்கட்கிழமை விடிகாலை. பால்காரர் வரும் நேரத்துக்கு எழுந்து, எழுதி வைத்த பட்டியலோடு உட்கார்ந்து பார்ப்பது எனக்குப் பத்து வருடத்துக்கு மேலான வழக்கம். நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து கணிக்கிறோம். ஞாயிறு இரவுக்குள் எல்லாப் பிரிவுகளுக்கும் ஆளுக்கு ஒரே ஒரு பெயர் எழுதி அனுப்பிவிட வேண்டும், அப்புறம் மாற்றக் கூடாது. அதிகம் சரியாகச் சொன்னவருக்கு மற்ற ஐந்து பேரும் சேர்ந்து பிரியாணி.

2017ஆம் ஆண்டில் சிறந்த படத்துக்கு 'லா லா லேண்ட்' என்று யோசிக்காமல் எழுதினேன். 14 பரிந்துரைகள் வாங்கிய படம், ஆஸ்கருக்கு முன்னால் வரும் அமெரிக்கத் தயாரிப்பாளர் சங்க விருதும் அதற்குத்தான். கடைசியில் விருதை அறிவிக்க வந்த ஃபே டனவே அந்தப் பெயரைத்தான் படித்தார். சரி, முடிந்தது என்று பல் தேய்க்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் மேடை முழுக்கக் கூட்டம், கையில் விருதோடு வேறு ஆட்கள்! 'மூன்லைட்' ஜெயித்திருந்தது. ஒவ்வொரு பிரிவுக்கும் இரண்டு உறைகள் தயாரித்து மேடையின் இரு பக்கமும் வைத்திருப்பார்களாம். 'லா லா லேண்ட்' நாயகி வென்ற சிறந்த நடிகை விருது உறையின் மறுபிரதி, ஃபே டனவேயோடு வந்த வாரன் பீட்டி கைக்குப் போய்விட்டது. உறை மாறியது ஊருக்கெல்லாம் தெரிந்த கதை. எனக்கு உறுத்தியது வேறு. 14 பரிந்துரை வாங்கிய படம் ஏன் தோற்றது?

தேடிப் படித்தபோதுதான் வாக்கு எண்ணும் முறை புரிந்தது. மற்ற பிரிவுகளில் அதிக வாக்கு வாங்கியவருக்கு விருது. சிறந்த படத்துக்கு மட்டும் 2010 விழாவிலிருந்து கணக்கு வேறு. ஆஸ்கர் அகாடமி உறுப்பினர்கள் படங்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்துவார்கள். எதற்கும் பாதிக்கு மேல் முதலிட வாக்கு இல்லையென்றால், கடைசியில் இருக்கும் படத்தை நீக்கி, அந்தச் சீட்டுகளை அவற்றில் அடுத்ததாக எழுதியிருக்கும் படத்துக்குக் கொடுப்பார்கள். ஒரு படம் பாதியைத் தாண்டும் வரை இப்படியே போகும். நம் குடியரசுத் தலைவர் தேர்தலும் இந்த மாதிரிதான். 1969இல் முதல் சுற்றில் யாருக்கும் பாதி தேறாமல், அடுத்த விருப்ப வாக்குகளையும் எண்ணித்தான் வி.வி. கிரி ஜெயித்தார். ஆக, கொஞ்சம் பேர் உயிராக நேசித்து மற்றவர்கள் வெறுக்கும் படத்தைவிட, பலருடைய சீட்டில் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ இருக்கும் படத்துக்கு வாய்ப்பு அதிகம்.

இது புரிந்த பிறகும் 2020இல் தவறினேன். மனம் முழுக்கக் கொரியப் படமான 'பாரசைட்'. ஆனால் தயாரிப்பாளர் சங்கம், இயக்குநர் சங்கம், பிரிட்டனின் பாஃப்டா விருது எல்லாம் '1917' பக்கம். ஆங்கிலம் அல்லாத படம் அதுவரை ஒருமுறைகூடச் சிறந்த படமாக வென்றதில்லை. '1917' என்று எழுதி அனுப்பினேன். நான் சரியாக எடைபோடாத அடையாளம் ஒன்று இருந்தது. நடிகர் சங்க விழாவில் 'பாரசைட்' குழு மேடை ஏறியபோது அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது, குழு நடிப்புக்கான விருதும் அவர்களுக்கே போனது. ஆஸ்கர் அகாடமியில் ஆட்கள் அதிகமுள்ள பிரிவு நடிகர்கள்தான். அந்தத் திங்கட்கிழமை சிறந்த இயக்குநராக 'பாரசைட்' எடுத்த போங் ஜூன்-ஹோ பெயரை அறிவித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். பட்டியலில் இரண்டு முக்கியமான பெயர்கள் தப்பு. ஆனால் அன்றைக்குப் பட்ட சந்தோஷம் வேறு எந்த வருடமும் பட்டதில்லை.

2022இல் அந்தக் கைதட்டலை மறக்கவில்லை. 'தி பவர் ஆஃப் தி டாக்' 12 பரிந்துரைகளோடு நின்றது. 'கோடா'வுக்கு மூன்றே மூன்று. ஆனால் நடிகர் சங்கமும் தயாரிப்பாளர் சங்கமும் 'கோடா'வுக்குக் கொடுத்திருந்தன. பார்த்தவர்களில் அதை வெறுத்தவர் என்று ஒருவரைக்கூட நான் சந்திக்கவில்லை. அதையே எழுதினேன். மூன்றையும் வென்றது.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். ஜெயித்தது மட்டுமில்லை, தோற்றதையும்.

டொராண்டோவிலிருந்து

அண்ணா, எங்கட ஊரில் கணிப்பு செப்டம்பரிலேயே தொடங்கிவிடும். டொராண்டோ திரைப்பட விழாவில் பார்வையாளர்கள் வாக்குப் போட்டு ஒரு படத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். 'தி கிங்ஸ் ஸ்பீச்', '12 இயர்ஸ் எ ஸ்லேவ்', 'க்ரீன் புக்', 'நோமேட்லேண்ட்' எல்லாம் இங்கே மக்கள் விருது வாங்கிப் பிறகு ஆஸ்கரும் வாங்கியவை.

2008இல் 'ஸ்லம்டாக் மில்லியனர்' இங்கே திரையிட்டபோது நான் அரங்கில் இருந்தேன். படம் முடிய ஒருவரும் கதிரையை விட்டு எழும்பவில்லை, கை தட்டிக்கொண்டே இருந்தார்கள். ரஹ்மானுக்கு இந்த முறை கிடைக்கும் என்று வெளியே வரும்போதே மனைவியிடம் சொன்னேன்.

பரிந்துரைகள் வந்தபோது ஒரு பயம் வந்தது. சிறந்த பாடலுக்கு அந்த வருடம் மூன்றே பாடல்கள், அதில் இரண்டு ரஹ்மானுடையவை. வாக்குகள் இரண்டாகப் பிரிந்து பீட்டர் கேப்ரியலின் 'வால்-ஈ' பாடல் வந்துவிடுமோ என்று நண்பர்கள் எல்லோரும் கதைத்தார்கள். எனக்கு ஒன்று தெம்பு தந்தது. ஆஸ்கருக்கு முன் வரும் கோல்டன் குளோப் விருதில் சிறந்த பாடலாக வென்றது புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் பாடல். ஆஸ்கர் பரிந்துரையில் அது இடம் பெறவே இல்லை. பெரிய தடை விலகிவிட்டது. இசை, பாடல் இரண்டும் ரஹ்மானுக்கே என்று எழுதினேன், பாடலுக்கு 'ஜெய் ஹோ'.

இரண்டும் வந்தன. அந்த மேடையில் அவர் "எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்று தமிழில் சொன்னபோது வீட்டில் ஒருவருக்கும் பேச்சு வரவில்லை. என் அம்மா திரையைத் தொட்டுக் கும்பிட்டார். எத்தனை சரியாகச் சொன்னேன் என்று அன்றைக்கு எண்ணிப் பார்க்கவே இல்லை.

சென்னையிலிருந்து

என்னுடையது 2021. கொரோனா இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்த ஏப்ரல். விழாவை யூனியன் ஸ்டேஷன் ரயில் நிலையத்தில் நடத்தினார்கள். சிறந்த நடிகருக்குச் சாட்விக் போஸ்மன் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருந்தேன். முந்தைய ஆகஸ்டில் இறந்துபோனவர். கோல்டன் குளோபும் நடிகர் சங்க விருதும் அவருக்கே கிடைத்திருந்தன.

வழக்கமாகக் கடைசியில் வரும் சிறந்த படத்தை முன்னால் அறிவித்துவிட்டு, நடிகர் விருதை இறுதிக்கு வைத்தார்கள். அவர் மனைவி பேசப் போகிறார், அதற்காகத்தான் இந்த ஏற்பாடு என்று நினைத்துத் துண்டை எடுத்து வைத்துக்கொண்டேன். வாக்கீன் ஃபீனிக்ஸ் படித்த பெயர் ஆன்டனி ஹாப்கின்ஸ். அவர் விழாவுக்கே வரவில்லை. நன்றி சொல்ல ஆளில்லாமல் விழா சட்டென்று முடிந்தது.

ஆஸ்கருக்கு வாக்களிப்பு தொடங்கும் முன்பு கடைசியாக வந்த பெரிய விருது பாஃப்டா. அதை 'தி ஃபாதர்' படத்துக்காக வாங்கியவர் ஹாப்கின்ஸ். அகாடமியில் பிரிட்டன் உறுப்பினர்கள் நிறைய. இது தெரிந்திருந்தும் நான் அசையவில்லை. மறுநாள் 83 வயது ஹாப்கின்ஸ் வேல்ஸிலிருந்து ஒரு காணொளி போட்டு, போஸ்மனுக்கு அஞ்சலி செலுத்தினார். அதைப் பார்த்த பிறகுதான் மனம் ஆறியது. அதற்கு முன் 2019இல் க்ளென் க்ளோஸை பாஃப்டா வாங்கிய ஒலிவியா கோல்மன் வென்றதும் இதே கதை, பிறகு 2025இல் டெமி மூரை பாஃப்டா வாங்கிய மைக்கி மேடிசன் வென்றதும் இதே கதை. நடிகர், நடிகை பிரிவில் எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாதபோது இப்போதெல்லாம் பாஃப்டா பக்கம்தான் சாய்கிறேன்.

கூடலூரிலிருந்து

நான் பொதுவாகக் கணிப்பதில்லை. 2023இல் மட்டும் கணித்தேன், அதுவும் ஒரே பிரிவுக்கு.

'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' படத்தில் வரும் தெப்பக்காடு யானைகள் முகாம் எங்களுக்குப் பக்கம். சின்ன வயதிலிருந்து யானைகளுக்குக் கவளம் கொடுப்பதைப் பார்க்கப் போகிற இடம். அங்கே யானைகளைப் பராமரிக்கும் தம்பதி பொம்மனும் பெள்ளியும் ரகு, அம்மு என்ற இரண்டு யானைக் குட்டிகளை வளர்த்ததைத்தான் கார்த்திகி கொன்சால்வஸ் படமாக எடுத்தார். குறும் ஆவணப்படப் பிரிவில் ஐந்தில் ஒன்றாக வந்தது.

பாசத்தில் சொல்கிறாய் என்று தம்பி சண்டைக்கு வந்தான். மலாலா ஆதரித்த 'ஸ்ட்ரேஞ்சர் அட் தி கேட்' வரும் என்றான். நெட்ஃபிளிக்ஸில் இருந்து இரண்டு படங்கள் போட்டியில் இருக்கின்றன, வாக்கு சிதறும் என்றான். ஐந்தில் கிடைத்ததையெல்லாம் தேடிப் பார்த்தேன். எல்லாமே நல்ல படங்கள்தான். ஆனால் பார்த்து முடித்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் உடனே பேசத் தோன்றியது இந்த ஒன்றுக்குத்தான். ரகுவை வேறு ஆளிடம் ஒப்படைக்கும் இடத்தில் பெள்ளியின் முகம் எந்த ஊர்க்காரருக்கும் புரியும். வாக்களிப்பவர்களும் மனிதர்கள்தானே என்று தம்பியிடம் சொன்னேன்.

மார்ச் 13, திங்கட்கிழமை காலை. வீட்டில் மின்சாரம் இல்லை, செல்போனில்தான் பார்த்தோம். படத்தின் பெயரைச் சொன்னதும் தம்பி என்னைத் தூக்கிவிட்டான். அன்றைக்கே 'நாட்டு நாட்டு'வும் வென்றது, அதைச் சரியாகச் சொன்னவர்கள் நிறைய பேர் இருப்பார்கள். எங்கள் வீட்டில் அந்தச் சத்தமே காதில் விழவில்லை. அப்பா ஏற்கெனவே வண்டிச் சாவியை எடுத்துவிட்டார், தெப்பக்காட்டுக்குப் போய் வருவோம் என்று.