வேல்ஸ் இணங்கியது, ஸ்காட்லாந்து மறுத்தது: ஏன்?

அஸ்தம்பட்டி வாசகர்: பிரெக்சிட்டால் (ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகியது) ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸிலிருந்து திரும்பவிருந்த வேளாண்மை, மீன்வளம் போன்ற அதிகாரங்கள் குறித்து 2018 ஏப்ரலில் வேல்ஸ் அரசு லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அரசுடன் உடன்பட்டபோது, ஸ்காட்லாந்து அரசு மறுத்தது ஏன்?

ஏற்காட்டிலிருந்து: விலகல் சட்டத்தின் முதல் வரைவு அவற்றை ஒட்டுமொத்தமாக லண்டனிலேயே நிறுத்தியது. திருத்திய வரைவோ, குறிப்பிட்ட அதிகாரங்களை மட்டும், அதுவும் 5 ஆண்டுகள் வரையே லண்டன் முடக்கலாம் என்றதால் வேல்ஸ் இணங்கியது. தங்கள் நாடாளுமன்றம் இசையாவிட்டாலும் முடக்கலாம் என்பதைத்தான் ஸ்காட்லாந்து ஏற்கவில்லை. மே மாதம் அந்த நாடாளுமன்றம் ஒப்புதல் மறுத்தும் சட்டம் நிறைவேறியது.

ஆத்தூர்க்காரர்: ஐயா, நம் கூலமேட்டு ஜல்லிக்கட்டு வாடிவாசலில் காளைகள் சீறுவதும் மத்திய, மாநில அரசுகளிடையே உள்ள இத்தகைய ஏற்பாட்டால்தான். மத்திய, மாநில அரசுகள் இரண்டுமே சட்டமியற்றக்கூடிய பொதுப்பட்டியலில் அடங்கும் மத்திய விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு 2017இல் தமிழகம் கொண்டுவந்த திருத்தம், அரசியலமைப்பின் 254ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. 2023இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது.

அஸ்தம்பட்டி வாசகர்: நன்றி. ஆனால் 2021ஆம் ஆண்டின் நீட் விலக்கு மசோதாவுக்கு அதே ஒப்புதல் கிடைக்கவில்லையே! வேல்ஸ் உடன்பாட்டில் முடக்கத்துக்குக் காலவரம்பாவது எழுத்தில் இருந்தது.