ஒன்றரை லட்சத்துக்கு மலிவு லப்டொப்பா, டெஸ்க்டொப் கட்டுறதா? (திருகோணமலை, கடற்கரைப் பக்கம்)

உப்புவெளி:
வணக்கம். தங்கச்சி ஏ/எல்லுக்கு ஐசிடி எடுக்கிறா. பைதன், டேட்டாபேஸ், சூம் வகுப்பு, பாஸ்ட் பேப்பர் பிடிஎஃப், இவ்வளவுதான் வேலை. கேம் இல்லையாம், அப்பிடித்தான் சொல்றா. கையில 150,000 ரூபா இருக்கு. டவுன் கடையில காட்டினது செலரோன் லப்டொப், 4 ஜிபி ரேம். அதை விட டெஸ்க்டொப் கட்டினா நல்லம் எண்டு ரெண்டு பேர் சொல்றாங்க. வீட்டில இருந்து கடல் 200 மீட்டர் கூட இல்ல, கரண்டும் அடிக்கடி போய் வரும். மொனிட்டர், கீபோர்ட் ஒண்டுமே இல்ல, எல்லாம் இந்தக் காசுக்குள்ள வரணும். என்ன பாகம் எடுக்கலாம், எதில காசைக் குறைக்கக் கூடாது?

உவர்மலை:
தம்பி, டியூஷனுக்குத் தூக்கிக்கொண்டு போகணும், கம்பஸ் கிடைச்சா ஹொஸ்டலுக்குக் கொண்டு போகணும் எண்டா லப்டொப்தான். மேற்கொண்டு வாசிக்கத் தேவையில்ல. ஒரு மேசையில இருந்து படிக்கிறதுக்கு எண்டா அந்த லப்டொப்பை விட்டிடுங்க.

செலரோன் என்4020, என்4500 ரெண்டிலயும் ரெண்டே ரெண்டு கோர். அந்த விலை லப்டொப்பில ரேம் பெரும்பாலும் மதர்போர்டோடயே (எல்லாப் பாகமும் பூட்டுற பலகை, சுருக்கமா போர்ட்) சேர்த்து ஒட்டினது, கூட்ட ஏலாது. சிலதில டிஸ்க்கும் ஒட்டினதுதான், 64 ஜிபி இஎம்எம்சி. விண்டோஸ் 11 ஆகக் குறைஞ்சது கேட்கிறதே 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இடமும். வாங்கின அண்டைக்கே எல்லைக்கோட்டில நிக்குது. ரெண்டு அப்டேட் வந்தா இடம் முடிஞ்சுது. சூமும் குரோமும் ஒண்டா திறந்தா மவுஸ் அம்பு இழுபடும்.

டெஸ்க்டொப்புக்கு நான் சொல்ற புரொசசர் ரைசன் 5 5600ஜி. 6 கோர், 12 த்ரெட், கிராபிக்ஸ் உள்ளுக்கே இருக்கு. கடைசியில வாற 'ஜி' முக்கியம். வெறும் 5600 கொஞ்சம் மலிவா இருக்கு எண்டு எடுத்தா படம் வராது, தனியா கார்ட் வாங்க வேண்டி வரும். இன்டெல் பக்கம் போனா ஐ3-12100. அதுக்கு நேர்மாறு: பின்னால 'எஃப்' இருந்தா கிராபிக்ஸ் இல்ல, எடுக்காதீங்க.

5600ஜிக்கு ஏ520 போர்ட் போதும். பி450 போர்ட் தந்தாங்கள் எண்டா பயொஸ் (மெஷினை எழுப்புற, போர்டிலயே இருக்கிற புரோகிராம்) புதுசா எண்டு கேளுங்க. பழைய பயொஸ் இந்த புரொசசரை அடையாளம் காணாது, ஃபான் சுத்தும், திரை கறுப்பாவே இருக்கும். கடையிலயே அப்டேட் செய்து தரச் சொல்லி, ஒன் பண்ணிக் காட்டச் சொல்லுங்க.

ரேம் 8 ஜிபி ரெண்டு, டிடிஆர்4 3200. உள்ளுக்க இருக்கிற கிராபிக்ஸ் இந்த ரேமைத்தான் பங்கு போடும், அதனால ஒற்றைக் குச்சி போட்டா வேகம் நல்லா விழும். ஆனா 2025 கடைசியில இருந்து ரேம் விலை ஏறிக்கிடக்கு. காசு முட்டினா இப்ப ஒரு 8 ஜிபி போட்டு, அதே மொடலில இன்னொண்டு பிறகு போடலாம். லப்டொப்பில அந்த வசதி இல்லையே. டிஸ்க் 500 ஜிபி என்விஎம்இ (போர்டில நேரா சொருகுற எஸ்எஸ்டி). டிஸ்க்குக்குப் போற பாதையில 5600ஜி பிசிஐஇ 3.0 வேகம்தான் கொடுக்கும், அதை விட வேகமான ஜென்4 டிஸ்க்குக்குக் கூடக் காசு கொடுக்காதீங்க.

குறைக்கக் கூடாதது பவர் சப்ளை. கேசிங்கோட '500 வாட் ஃப்ரீ' எண்டு ஒண்டு தருவாங்கள். அதைத் திருப்பி லேபிளைப் பாருங்க. பெட்டிக்குள்ள +12 வோல்ட் எண்டு ஒரு நிரல், அதுக்குக் கீழ அம்பியர் இருக்கும். 15 அம்பியர் எண்டு போட்டிருந்தா 12 x 15 = 180 வாட். மேல என்ன எழுதினாலும் அது 180 வாட் சாமான்தான். நல்ல 450 வாட்டில அந்த இடத்தில 35 அம்பியருக்குக் கிட்ட இருக்கும். இந்த மெஷின் முழுச் சுமையிலயும் 130 வாட் தாண்டுறது அபூர்வம், ஆக 180 போதுமே எண்டு கேட்கலாம். பிரச்சினை அளவில்ல. அந்த மலிவுச் சாமான்ல பாதுகாப்புச் சுற்றே ஒழுங்கா இருக்காது. கரண்ட் போய் வரும்போது அது செத்தா தனியாச் சாகாது, போர்டையும் இழுத்துக்கொண்டு போகும். 80 பிளஸ் புரொன்ஸ் (மின்சாரத்தை வீணாக்காததுக்கான தரச் சான்று) 450 வாட், பெயருள்ள பிராண்ட், தனியா பில் போட்டு எடுங்க.

ரூபா கணக்கு நான் எழுதேல்ல, வாரத்துக்கு வாரம் மாறுது. மூண்டு கடையில கொட்டேஷன் எடுங்க. கொழும்பு யூனிட்டி பிளாசாவில (கம்ப்யூட்டர் கடைகள் உள்ள கட்டிடம்) ஒண்டாவது எடுங்க. மொனிட்டருக்கும் யுபிஎஸ்ஸுக்கும் முதல்ல காசை ஒதுக்கிட்டு மிச்சத்தில மெஷினைக் கட்டுங்க. பலர் செய்யிறது தலைகீழ். கடைசியில யுபிஎஸ் 'பிறகு பார்ப்பம்' ஆகிடும்.

நிலாவெளி:
உவர்மலை அண்ணா சொன்ன பாகங்களில் பிழை இல்லை. ஆனால் மொனிட்டர், யுபிஎஸ், கீபோர்ட், வெப்கேம் எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் என்றால் புதுசாகக் கட்டுவது மூச்சுமுட்டும். இந்த வேலைக்கு அலுவலகத்தில் பாவித்த மெஷின் ஒன்று போதும் என்பது என் கருத்து.

டெல் ஒப்டிபிளெக்ஸ் 3060, 5060 அல்லது எச்பி புரோடெஸ்க் 600 ஜி4. உள்ளே ஐ5-8500, 6 கோர். கடைக்காரர் 'ஐ5' என்று மட்டும் சொன்னால் முழு எண்ணைக் கேளுங்கள். நான்கு இலக்கத்தில் முதல் இலக்கம்தான் தலைமுறை. 3470, 4590, 6500 எல்லாமே ஐ5தான், ஆனால் விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக 8ஆம் தலைமுறையில் இருந்துதான். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. அதனால்தான் பழைய தலைமுறைகள் மலிவாகக் குவிந்து கிடக்கின்றன.

இதில் உள்ள பொறியையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஒப்டிபிளெக்ஸ்களின் பவர் சப்ளை, சின்னக் கேசிங்கோ டவரோ, அதற்கென்றே செய்தது. சாதாரண பவர் சப்ளையின் 24 பின் வயர் அதன் போர்டில் பொருந்தாது. செத்தால் அதே மொடல் தேட வேண்டும். இடம் இருந்தால் டவர் கேசிங் உள்ளதை எடுங்கள், காற்றோட்டம் நல்லது.

கடையில் பார்க்க வேண்டியது பின்பக்கம். யூஎஸ்பி வாயின் உலோகத்திலும் ஸ்க்ரூத் தலையிலும் மண்நிறப் புள்ளிகள் இருந்தால் அது ஏற்கெனவே கடற்கரையில் வாழ்ந்த மெஷின், விட்டுவிடுங்கள். பிறகு மூடியைத் திறக்கச் சொல்லி ரேம் எத்தனை குச்சி என்று பாருங்கள், ஒற்றை 8 ஜிபிதான் அதிகம் வரும். பிளக்கைக் கழற்றிப் பத்து நிமிடம் விட்டு மறுபடி போடுங்கள். நேரமும் திகதியும் பின்னால் போயிருந்தால் போர்டில் உள்ள சிஆர்2032 பட்டரி முடிந்திருக்கிறது. சில்லறைச் செலவு, ஆனால் பேரம் பேச உதவும். டிஸ்க்கை கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் போட்டு ஓடிய மணிநேரம் பாருங்கள்.

வெப்கேமுக்குத் தனியாகச் செலவழிக்காதீர்கள். சூம் வகுப்பில் பிள்ளைகளின் முகம் யார் கேட்கிறார்கள்? தேவைப்பட்டால் போன் போதும்.

உப்புவெளி:
ரெண்டு பேருக்கும் நன்றி அண்ணா. மாமா வீட்டில பழைய மெஷின் ஒண்டு இருக்கு, கேசிங்கைத் தொட்டா சுர்ரெண்டு இழுக்கும். இது பவர் சப்ளை பழுதா? எங்கட வீட்டிலயும் அப்பிடி வந்தா என்ன செய்யிறது? மற்றது, கட்டுறதை நானே செய்யலாமா, கடையில கொடுக்கிறதா?

கன்னியா:
சுர்ரெண்டு இழுக்கிறது பெரும்பாலும் பழுதால இல்ல, ஏர்த் (மண்ணுக்குப் போற பாதுகாப்புக் கம்பி) இல்லாததாலதான். பவர் சப்ளை வாயில இரைச்சலை வடிக்கிறதுக்கு ரெண்டு சின்னக் கப்பாசிட்டர் இருக்கு. ஒண்டு லைனில இருந்து கேசிங்குக்கு, மற்றது நியூட்ரலில இருந்து கேசிங்குக்கு. ஏர்த் இருந்தா அது அங்கால போயிடும். இல்லாட்டி கேசிங் 230இல பாதி, ஏறத்தாழ 115 வோல்ட்டில மிதக்கும். கரண்ட் அளவு மிகக் குறைவு, வழக்கமா ஆளுக்கு ஒண்டும் ஆகாது. ஆனா அப்பிடி மிதக்கிற மெஷினில எச்டிஎம்ஐ வயரை ஒன்ல இருக்கும்போதே சொருகினா அந்த எச்டிஎம்ஐ வாய் பழுதாகலாம். மாமா வீட்டில மூண்டு பின் பிளக்கை ரெண்டு பின் அடப்டர்ல போட்டிருக்கிறாங்களா எண்டு பாருங்க. அநேகமா அதுதான். அது இல்லாட்டி எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஏர்த் கம்பியைப் பார்க்கச் சொல்லுங்க. சுவருக்குள்ளால போற வயர் சரியா இருந்தாலும், வெளியில மண்ணுக்குள்ள போற கம்பியின்ட கிளிப் உப்பில அரிச்சுப் போயிருக்கும். ஏர்த் சரியில்லாம யுபிஎஸ், சேர்ஜ் புரொடெக்டர் எல்லாம் பாதிக்குப் பாதிதான் வேலை செய்யும்.

யுபிஎஸ் 650 விஏ போதும். உள்ளுக்க 12 வோல்ட் 7 அம்பியர்-அவர் பட்டரி ஒண்டுதான், பத்துப் பதினைஞ்சு நிமிசம் தரும். சேவ் பண்ணி மூடத்தான் அது, படம் பார்க்க இல்ல. லேசர் பிரிண்டரை அதில போடாதீங்க. பட்டரி 2, 3 வருசத்தில மாத்த வேண்டி வரும், சூட்டில இன்னும் கெதியா. தகரக் கூரைக்குக் கீழ அலுமாரிக்குள்ள வைக்கிறதை விட மேசைக்குக் கீழ காத்துப்படுற இடம் நல்லம். பயொஸில 'ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லொஸ்' எண்டு ஒண்டு இருக்கும், அதை ஓஃப்ல விடுங்க. கரண்ட் திரும்பி வரும்போது ரெண்டு மூண்டு தரம் வந்து வந்து போகும். ஒவ்வொரு தரமும் மெஷின் தானா எழும்பி விழுந்தா விண்டோஸ் ஃபைல்தான் கெடும்.

உப்பு விசயம். இங்க வாடைக்காத்துக் காலத்தில கடல் பக்கமிருந்து நேரா வீட்டுக்குள்ள வரும். உப்புத்தூள் தனியா இருந்தா கெடுதி குறைவு, காற்றில ஈரம் 75 வீதத்தைத் தாண்டினா அது தண்ணியை இழுத்துக் கரைஞ்சு கரண்ட் கடத்தத் தொடங்கும். ஓடுற மெஷின் அறையை விட சூடா இருக்கிறதால உள்ளுக்க காய்ஞ்சே இருக்கும். கெடுறது மாசக்கணக்கா மூடி வைக்கிற மெஷின். அதனால பரீட்சை முடிஞ்சாலும் ரெண்டு மூண்டு நாளைக்கு ஒருக்கா ஒரு மணித்தியாலம் ஓட விடுங்க. கடல் பாத்த யன்னலுக்கு நேர வைக்காதீங்க. ப்ளாஸ்டிக் உறை போடுறதெண்டா மெஷின் ஆறின பிறகு. கச்சான் காத்துக் காலத்தில உப்பை விடத் தூசிதான் தொல்லை, முன் ஃபில்டரை மாசத்துக்கு ஒருக்காக் கழுவிக் காய வையுங்க. ரேமின்ட தங்கக் கரை மங்கிப் போனா ஐசோபுரோபைல் அல்கஹோல் தொட்ட துணியால துடைச்சாப் போதும். டபிள்யூடி-40 அடிக்கச் சொல்ற ஆக்களை நம்பாதீங்க.

பல்லியை மறக்கக் கூடாது. சூடான இடம் தேடி பவர் சப்ளைக்குள்ள போய்க் குறுக்கால கிடந்து தானும் கருகி மெஷினையும் கருக்கும். எறும்பும் அப்பிடித்தான். மலிவுக் கேசிங்கில பின்பக்கக் கார்ட் மூடியை முறிச்சு எடுக்கிற மாதிரி வைச்சிருப்பாங்கள். முறிச்சா திரும்ப மூட ஏலாது, கார்ட் போடுறதில்ல எண்டா அதைத் தொடவே வேண்டாம். கேசிங்கை நிலத்தில இருந்து அரை அடி உயர்த்தி வையுங்க.

ஒக்டோபர், நவம்பர் இடி மழை நேரம் யுபிஎஸ்ஸை நம்பி இருக்காதீங்க. சுவரில இருந்து பிளக்கை உருவுங்க. இன்டர்நெட் பழைய செப்புத் தொலைபேசி வயரில வாறதெண்டா அதையும் ரவுட்டரில இருந்து கழட்டுங்க. மின்னல் அந்த வழியா வந்து லான் வயரால போர்டுக்குள்ள போகும்.

உவர்மலை:
நிலாவெளி சொன்ன பாவிச்ச மெஷின் நியாயமான யோசனைதான், டவர் கிடைச்சா அதையே எடுங்க தம்பி. மிச்சக் காசில நல்ல ஐபிஎஸ் மொனிட்டர் (பக்கத்தில இருந்து பார்த்தாலும் நிறம் மாறாத திரை) வாங்கலாம், நாள் முழுக்க பிடிஎஃப் வாசிக்கிற கண்ணுக்கு அது பெரிய விசயம். புதுசாக் கட்டுறதெண்டா நீங்களே கட்டலாம். ஒரு பின்னேரம் போதும். பிழைக்கிற இடங்களை மட்டும் சொல்றன்.

5600ஜியோட வாற கூலரை நாலு ஸ்க்ரூவால பூட்டணும். அதுக்கு முதல் போர்டில இருக்கிற ரெண்டு கறுப்புப் பிளாஸ்டிக் பிடியையும் கழட்டணும். கழட்டினவுடன போர்டுக்குப் பின்னால இருக்கிற தகடு கீழ விழும், அதைக் கையால தாங்கிப் பிடிச்சுக்கொண்டு புதுக் கூலரைப் பூட்டுங்க. ஸ்க்ரூவை மூலைக்கு மூலை, ரெண்டு ரெண்டு சுத்தா இறுக்குங்க. ஒரு பக்கம் முழுசா இறுக்கினா மற்றப் பக்கம் பிடிக்காது. சூடு கடத்துற பேஸ்ட் கூலரோடயே பூசி வரும், மேலதிகமாப் போட வேண்டாம். பிறகு எப்பவாவது கூலரைக் கழட்டினா மெஷினைக் கொஞ்ச நேரம் ஓட விட்டு சூடாக்கி, பிளக்கை உருவி, கூலரை முறுக்கி எடுங்க. நேர மேல இழுத்தா புரொசசரும் சேர்ந்து வந்து பின் வளையும்.

போர்டைக் கேசிங்கில வைக்க முதல் போர்டோட பெட்டியில வாற தகர முகப்பைக் (யூஎஸ்பி வாய்களுக்கு ஓட்டை உள்ள தகடு) கேசிங்கின் பின்னால அழுத்திப் பூட்டுங்க, கிட்டத்தட்ட எல்லாரும் மறக்கிறது அதுதான். போர்டின் ஓட்டை இருக்கிற இடத்தில மட்டும் போர்டைத் தாங்குற பித்தளைக் கால் இருக்கணும். ஓட்டை இல்லாத இடத்தில கால் இருந்தா போர்டின் பின்பக்கத்தைத் தொட்டு ஷோர்ட் ஆகும். புரொசசருக்குப் போற 8 பின் ரெண்டா நாலு நாலாப் பிரியும். கிராபிக்ஸுக்கான 8 பின் ஆறும் ரெண்டுமாப் பிரியும். ஒண்டை ஒண்டில திணிக்காதீங்க.

ரேம் நாலு ஓட்டை உள்ள போர்டெண்டா புரொசசர்ல இருந்து எண்ணி 2ஆவதும் 4ஆவதும். ரெண்டு முனையும் டிக் எண்டு சத்தம் வரும் வரைக்கும் அமத்துங்க. படம் வராட்டி முதல்ல சந்தேகப்பட வேண்டியது அரைகுறையா இருக்கிற ரேம். படம் வந்த பிறகு பயொஸில டிஓசிபி அல்லது எக்ஸ்எம்பியை (ரேமை முழு வேகத்தில ஓட விடுற அமைப்பு) ஒன் பண்ணுங்க, இல்லாட்டி சில 3200 ரேம் 2400, 2666 எண்டுதான் ஓடும்.

கொழும்பில கட்டி எடுத்தா பஸ்ஸில கேசிங்கைப் படுக்க வைச்சு, போர்ட் கீழ இருக்கிற மாதிரிக் கொண்டு வாங்க. கண்ணாடிப் பக்கம் மேல. பில்லில வொரண்டிக் குறிப்பை அங்கயே வாசியுங்க. ஒரு வருசம் எண்டு எழுதி 350 நாள் எண்டு சின்ன எழுத்தில இருக்கும், மின்னலும் துருவும் சேராது எண்டும் இருக்கும். புரொசசர் பெட்டி, போர்ட் பெட்டி ரெண்டையும் எறியாதீங்க. வொரண்டிக்கு பஸ்ஸில அனுப்பேக்க அந்தப் பெட்டிதான் தேவைப்படும்.